பழைய மிக்ஸரில் 48 வோல்ட் வரவில்லையா? பேன்டம் பவர் கோளாறைப் படிப்படியாகக் கண்டுபிடிப்பது

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் இப்போது கடைவரிசை மாடிகளிலும் வீட்டுப் பின்னறைகளிலும் சின்னச் சின்ன ஒலிப்பதிவுக் கூடங்கள் இருக்கின்றன. கோயில் பாடல், உறுமி மேளம், பையன்களின் ராப், கல்யாண வீடியோவுக்குப் பின்னணிக் குரல் என்று வேலை வருகிறது. பல இடங்களில் நடுவில் உட்கார்ந்திருப்பது எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ செய்த 16 அல்லது 24 சானல் மிக்ஸிங் கன்சோல். கோலாலம்பூரில் யாரோ கணினிக்கு மாறியபோது மலிவாகக் கிடைத்தது. லோரியில் ஏற்றி வந்து நாலு பேர் மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கியாயிற்று. புதிதாக வாங்கிய கன்டென்சர் மைக்கைச் செருகி 48 வோல்ட் பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லை. உடனே எல்லாரும் தேடுவது ஸ்க்ரூ டிரைவரை.

அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் இந்த 48 வோல்ட்டுக்குத்தான் பேன்டம் பவர் என்று பெயர். நான் பார்த்த பேன்டம் பவர் புகார்களில் பாதிக்கு மேல் மூடியைத் திறக்காமலே தீர்ந்தவை. மைக்கிலிருந்து தொடங்கி, கேபிள், சானல், பவர் சப்ளை என்று ஒவ்வொரு கட்டமாகப் பின்னோக்கிப் போவதுதான் முறை. தேவையானது ஒரு மல்டிமீட்டர், நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கேபிள், 48 வோல்ட் தேவைப்படாத ஒரு சாதாரண டைனமிக் மைக், ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். சில காசு பெறுமானமுள்ள அந்த ரெசிஸ்டர்தான் இதில் அதிக வேலை செய்யப்போகிறது.

என்ன வர வேண்டும்

கன்டென்சர் மைக்கின் உள்ளே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டும். அதைத் தனி ஒயர் இல்லாமல், ஒலி வருகிற அதே கேபிளில் கன்சோல் அனுப்புகிறது. எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் மைக் இணைப்பானில் பின் 2, பின் 3 இரண்டிலும் ஒரே 48 வோல்ட் டிசி. ஒவ்வொன்றும் ஒரு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வருகிறது. திரும்பிப் போகும் வழி பின் 1, அதாவது கேபிளின் மேலுறைக் கம்பி. இரண்டு பின்னிலும் ஒரே வோல்ட் இருப்பதால் அவற்றுக்கிடையே வித்தியாசம் சுழி. டைனமிக் மைக்கின் சுருளில் மின்சாரம் ஓடாது, அதற்கு ஒன்றும் ஆகாது.

48 என்ற எண் வந்த கதை சுவையானது. 1966இல் நாய்மன் நிறுவனம் டிரான்சிஸ்டர் மைக்கை நார்வே வானொலிக்குக் கொண்டுபோனபோது, அந்த ஸ்டுடியோக்களில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் இருந்தது. அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். பிறகு அதுவே உலக வழக்காகித் தரநிலையிலும் ஏறியது. தரநிலை அனுமதிப்பது 48க்கு மேலும் கீழும் 4 வோல்ட். ஆகவே மீட்டரில் 44 முதல் 52 வரை எது வந்தாலும் கவலை வேண்டாம். 47.3 காட்டுகிறதே என்று தூக்கம் கெடுபவர்கள் இருக்கிறார்கள்.

12 வோல்ட், 24 வோல்ட் பேன்டம் பவரும் உண்டு. சில மலிவான கன்சோல்கள் 48க்குப் பதிலாக அதைவிடக் குறைந்த வோல்ட்டையே கொடுக்கும். கையேடு கிடைத்தால் முதலில் அதில் பாருங்கள், இல்லாத கோளாறைத் தேட வேண்டியதில்லை. இன்னொன்று, சினிமா ஒலிப்பதிவில் இருந்த டி-பவர். அதில் பின் 2க்கும் பின் 3க்கும் இடையிலேயே 12 வோல்ட் இருக்கும். அந்த வகைப் பழைய சாதனம் கைக்கு வந்தால் சாதாரண மைக்கை அதில் செருகவே கூடாது.

கை வைக்கும் முன்

48 ஓடிக்கொண்டிருக்கும்போது மைக்கைச் செருகுவதும் பிடுங்குவதும் கூடாது. சானலை மியூட் செய்து, ஃபேடரை இறக்கி, மானிட்டர் ஸ்பீக்கரைக் குறைத்து, மைக்கைச் செருகிய பிறகுதான் பொத்தான். நிறுத்தும்போது பொத்தானை விட்டுச் சில விநாடி பொறுத்து மைக்கைக் கழற்றுங்கள். இந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் ஸ்பீக்கரில் ‘டமார்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு ட்வீட்டரும் போகலாம்.

ரிப்பன் மைக் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கேபிள் சரியாக இருந்தால் ரிப்பனுக்குப் பொதுவாக ஆபத்தில்லை. ஆனால் ஒரு பின் ஷார்ட் ஆன கேபிளிலோ, பேட்ச்பேயில் (இணைப்புகளை மாற்றிப் போடும் ஜாக் பலகை) ஜாக் செருகும் அந்தக் கணத்திலோ, மின்சாரம் ஒரு பக்கமாக ஓடி மெல்லிய அலுமினியத் தகட்டை இழுத்துவிடும். சோதனை செய்யும் நாளில் ரிப்பன் மைக் அலமாரியிலேயே இருக்கட்டும்.

பழைய கன்சோல்களில் சிலவற்றில் 48 வோல்ட்டுக்கு மொத்தமாக ஒரே பொத்தான்தான், அதுவும் பின்பக்கத்தில். சிலவற்றில் எட்டு எட்டுச் சானலுக்கு ஒன்று. சிலவற்றில் சானலுக்கு ஒன்று இருந்தும், பின்னால் ஒரு மூல பொத்தானும் இருக்கும். அது அணைந்திருந்தால் முன்பக்கம் எத்தனை அழுத்தினாலும் பயனில்லை. சிரிக்க வேண்டாம். இந்த ஒரு பொத்தானுக்காகவே ஈப்போவிலிருந்து ஆள் வரவழைத்தவர்கள் உண்டு.

படி 1: மைக்கும் கேபிளும்

அதே சானலில், அதே கேபிளில் டைனமிக் மைக்கைச் செருகிப் பாருங்கள். அதுவும் பேசவில்லை என்றால் பிரச்சினை பேன்டம் பவரில் இல்லை. கேபிளோ சானலோ மொத்தமாகவே ஊமை. டைனமிக் பேசுகிறது, கன்டென்சர் மட்டும் பேசவில்லை என்றால் இரண்டு சாத்தியம். ஒன்று 48 வரவில்லை. இன்னொன்று, பலர் நினைத்தே பார்க்காதது: கேபிளில் பின் 1 அறுந்திருக்கிறது. டைனமிக் மைக் பின் 2, 3 இரண்டை வைத்தே பேசிவிடும், கொஞ்சம் ஹம் கூடுதலாக வரும், அவ்வளவுதான். கன்டென்சருக்கு மின்சாரம் திரும்பும் வழியே பின் 1 என்பதால் அது அறுந்தால் மைக் முழுதாகச் செத்தது. “இந்தக் கேபிள் நல்ல கேபிள்தான், நேற்றுகூட மேடையில் ஓடியது” என்று சொல்வார்கள். மேடையில் ஓடியது டைனமிக் மைக்கில்.

நம் ஊர்க் கேபிள்கள் படும் பாடும் கொஞ்சமில்லை. ஸ்டுடியோ கேபிள்தான் திருவிழா மேடைக்கும் போகிறது. மழையில் நனைகிறது, காவடி வரும் பாதையில் மிதிபடுகிறது, ஈரத்தோடு சுருட்டிப் பெட்டியில் போடப்படுகிறது. இணைப்பானைக் கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சைக் களிம்பு. பின் 1இல் ஈயம் வைத்த இடம் தொட்டால் உதிரும். களிம்பை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பழைய ஈயத்தின் மேலேயே புதிய ஈயம் வைத்தால் இரண்டு மாதத்தில் திரும்பி வரும்.

வழியில் வேறு எதுவும் 48ஐத் தடுக்கிறதா என்றும் பாருங்கள். டிரான்ஸ்பார்மர் வைத்த ஸ்ப்ளிட்டர் பெட்டி (ஒரு மைக்கை இரண்டு இடத்துக்குப் பிரித்து அனுப்புவது), ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர் மறுபக்கம் கால் அங்குல ஜாக் உள்ள கேபிள், அடாப்டர். இதில் ஜாக் கேபிள் மோசமானது. பல கேபிள்களில் பின் 3ஐ பின் 1உடன் உள்ளேயே இணைத்திருப்பார்கள். 48 போட்டால் அந்தப் பக்கத்து ரெசிஸ்டரில் மின்சாரம் விடாமல் ஓடிச் சூடேறும். கணக்குப் போட்டால் 7 மில்லி ஆம்பியர், சுமார் 0.34 வாட். பழைய கன்சோலில் இருப்பது கால் வாட் ரெசிஸ்டர் என்றால் அது நாளடைவில் கருகும். சானல் 1, 2 மட்டும் எப்போதும் முதலில் சாவதற்கு இதுவே பல இடங்களில் காரணம். கீபோர்டு செருகுவது அந்தச் சானல்களில்தான்.

மைக்கையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். இணையத்தில் மலிவாக வாங்கும் சில கன்டென்சர் மைக்குகளோடு 3.5 மில்லிமீட்டர் பிளக் கேபிள் வரும். அது கணினிக்கானது. அந்தக் கேபிளை அடாப்டர் போட்டுக் கன்சோலில் செருகினால் 48 போய்ச் சேராது. சரியான எக்ஸ்எல்ஆர் கேபிள் வாங்குங்கள். பேட்டரி போடும் மைக்காக இருந்தால் பேட்டரி ஒழுகியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள்.

படி 2: ஒன்றா, எட்டா, எல்லாமா

கேபிளும் மைக்கும் நல்லவை என்று உறுதியானபின் அதே கேபிளை, அதே மைக்கை ஒவ்வொரு சானலாக மாற்றிப் பாருங்கள். ஒரு சானல் மட்டும் இல்லை என்றால் அந்தச் சானலின் சுவிட்ச், ரெசிஸ்டர், கபாசிட்டர். வரிசையாக எட்டுச் சானல் இல்லை என்றால் அந்தப் பகுதிக்கு உள்ளே போகும் தட்டையான ரிப்பன் கேபிள் அல்லது இணைப்பான். எல்லாமே இல்லை என்றால் பவர் சப்ளை, அல்லது பவர் சப்ளையிலிருந்து கன்சோலுக்கு வரும் தடித்த பல பின் கேபிள்.

இதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் பன்னிரண்டாவது சானலில் குழம்பிவிடும்.

படி 3: மீட்டர்

மல்டிமீட்டரை டிசி வோல்ட், 200 நிலையில் வையுங்கள். சிவப்பு ஒயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆம்பியர் துளையில் விட்டிருந்தால் மீட்டரே ஷார்ட்டாக நடந்துகொள்ளும். மைக் எதையும் செருக வேண்டாம். கன்சோலின் உள்ளீட்டுத் துளைகளின் பக்கத்தில் 1, 2, 3 என்று சின்னதாக அச்சிட்டிருக்கும். கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். கறுப்பை 1இல் வைத்து, சிவப்பை முதலில் 2இல், பிறகு 3இல் வையுங்கள். இரண்டு எண்ணையும் எழுதுங்கள். அப்புறம் கேபிளைச் செருகி, அதன் மறுமுனையிலும் அதே அளவு. கன்சோலில் வருவது கேபிள் முனையில் வரவில்லை என்றால் திரும்பவும் படி 1.

எண்களைப் படிப்பது இப்படி. இரண்டிலும் 44க்கும் 52க்கும் நடுவில், ஏறக்குறைய ஒரே எண் வந்தால் இந்தச் சோதனையில் தேறியது. அடுத்ததற்குப் போகலாம்.

ஒன்றில் 48, இன்னொன்றில் சுழி என்றால், சுழி காட்டும் பக்கத்து ரெசிஸ்டர் எரிந்துவிட்டது, அல்லது ஈயம் விட்டுவிட்டது, அல்லது அந்தப் பின் எங்கோ பூமியோடு ஷார்ட். பவரை அணைத்து, பின்னுக்கும் பின் 1க்கும் இடையே ஓம் பாருங்கள். சுழிக்கு அருகில் என்றால் ஷார்ட். இல்லையென்றால் ரெசிஸ்டர். இப்படி ஒற்றைக்காலில் நிற்கும் சானலில் சில மைக்குகள் வேலையும் செய்யும், கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் இரைச்சலோடு. “மைக் தரம் சரியில்லை” என்று மைக்கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஒன்றில் 48, இன்னொன்றில் 41 என்பது போல வந்தால் ஒரு கசிவு இருக்கிறது. 7 வோல்ட்டை 6.8 கிலோ ஓமால் வகுத்தால் சுமார் 1 மில்லி ஆம்பியர் எங்கோ ஓடுகிறது. எங்கே என்றால் பெரும்பாலும் உள்ளீட்டுக் கபாசிட்டரில். 48 வோல்ட் ப்ரீஆம்ப் (மைக் ஒலியைப் பெருக்கும் முதல் சுற்று) பக்கம் போகாமல் மறிப்பதற்காக ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர் வைத்திருப்பார்கள். முப்பது வருடம் ஆன கபாசிட்டர் மறிப்பதை விட்டுவிட்டுக் கசியத் தொடங்கும். 48 போட்டவுடன் பொரிவது போன்ற சத்தம் வந்து நெடுநேரம் அடங்காமல் இருப்பதும், கெயின் குமிழைத் திருப்பினால் கரகரப்பதும் இதன் அறிகுறிகள்.

எல்லாச் சானலிலும் 30, 35 என்று குறைந்து வந்தால், எல்லா மைக்கையும், கீபோர்டு, கிட்டாரை மைக் உள்ளீட்டில் இணைக்கும் டிஐ பெட்டிகளையும் கழற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள். எண் ஏறினால் எதோ ஒன்று அதிகமாக இழுக்கிறது. ஏறவில்லை என்றால் பவர் சப்ளை களைத்துவிட்டது.

படி 4: சுமை கொடுத்துப் பாருங்கள்

பலர் படி 3இல் 48ஐப் பார்த்தவுடன் “பேன்டம் நன்றாக இருக்கிறது, மைக்தான் போச்சு” என்று முடிவு கட்டிவிடுவார்கள். மல்டிமீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே இழுக்காது. 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் கெட்டுப்போய் 100 கிலோ ஓமாக ஏறியிருந்தாலும் மீட்டர் 48க்குப் பக்கத்திலேயே காட்டும். லயத்து வீட்டுக் குழாய் மாதிரிதான்: மூடியிருக்கும்போது அழுத்தம் இருக்கும், திறந்தால் சொட்டும். மைக் என்பது குழாயைத் திறப்பது.

ஆகவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை ஒரு உதிரி எக்ஸ்எல்ஆர் ஆண் இணைப்பானில் பின் 1க்கும் பின் 2க்கும் இடையே ஈயம் வைத்துக்கொள்ளுங்கள். பின் 1க்கும் 3க்கும் இடையே ஒன்று வைத்த இன்னொரு இணைப்பானும் செய்துகொண்டால் வசதி. மூடியைப் போடாமல் விடுங்கள், மீட்டர் முனை வைக்க இடம் வேண்டும். கால் வாட் ரெசிஸ்டர் போதும், அதில் செலவாவது 0.1 வாட்டுக்கும் குறைவு.

செருகி, 48 போட்டு, அந்த ரெசிஸ்டரின் இரு முனையிலும் அளந்தால் சுமார் 28.5 வோல்ட் வர வேண்டும். கணக்கு: 48 பெருக்கல் 10, வகுத்தல் 16.8. இரண்டு பின்னிலும் அதே எண் வந்தால் அந்தச் சானலின் பேன்டம் பவர் ஆரோக்கியம். 16 வந்தால் 6.8 இருக்க வேண்டிய இடத்தில் 20 கிலோ ஓம் உட்கார்ந்திருக்கிறது. 4, 5 வோல்ட் என்றால் ரெசிஸ்டர் ஏறக்குறைய போய்விட்டது, அல்லது சுவிட்சின் உள்தொடுப்பு துருவேறி அதுவே ஒரு ரெசிஸ்டராகிவிட்டது.

உள்ளீட்டில் டிரான்ஸ்பார்மர் வைத்த கன்சோல்களில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே பின் 2, 3 இரண்டையும் டிரான்ஸ்பார்மரின் சுருளே இணைத்திருக்கலாம். ஒரு ரெசிஸ்டர் முழுதாக அறுந்தாலும் மற்றதன் வழியாக வரும் 48 சுருளைத் தாண்டி இரண்டு பின்னிலும் தெரியும். சாதாரண அளவில் கண்டுபிடிக்கவே முடியாது. சுமைச் சோதனையில் தெரிந்துவிடும். இரண்டு ரெசிஸ்டரும் நன்றாக இருந்தால் இங்கே சுமார் 36 வோல்ட் வரும், ஏனென்றால் இரண்டும் சேர்ந்து 3.4 கிலோ ஓமாக வேலை செய்கின்றன. ஒன்று போயிருந்தால் 28.5. அதாவது வேறு கன்சோலில் நல்ல எண்ணாக இருப்பது இங்கே கோளாறின் எண். இதை விட்டுவைத்தால் சுருளில் டிசி ஓடி டிரான்ஸ்பார்மரின் இரும்பு காந்தமேறும், கீழ் ஸ்வரங்கள் சிதையும். தவிலை ஒலிப்பதிவு செய்பவர்கள் காதில் முதலில் விழும்.

மைக்கைச் செருகிய நிலையில் அளப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வோல்ட் இறங்குவது இயல்பு. நாய்மன் யூ 87 ஏஐ 0.8 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும், 45 வோல்ட் அளவில் நிற்கும். ரோட் என்டி1-ஏ 5 மில்லி ஆம்பியர் இழுக்கும், 31 வோல்ட்டுக்கு வந்துவிடும். இரண்டும் சரியே.

படி 5: சானலின் உள்ளே

இப்போது ஸ்க்ரூ டிரைவரை எடுக்கலாம். 13 ஆம்பியர் பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பேன்டம் வரியில் உள்ள கபாசிட்டர்கள் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் மின்னேற்றத்தைப் பிடித்திருக்கும். சில நிமிடம் விட்டு, தொடும் முன் மீட்டரால் அளந்து, 5 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கியதும் கை வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு இணைப்பையும் கைப்பேசியில் படம் எடுங்கள். உள்ளே பல்லி முட்டை, எறும்புப் புற்று, கரப்பான் எச்சம் எல்லாம் இருக்கும். செம்பனைக்கு நடுவில் இருக்கும் ஊர்களில் இது சகஜம். மென்மையான தூரிகையால் அள்ளி எடுங்கள். காற்று அடித்தால் அது வேறு இடத்துக்குப் போய்ச் சேரும்.

முதல் சந்தேகம் சுவிட்ச். நம் ஈரப்பதத்தில் அழுத்துப் பொத்தான்களின் தொடுப்புகள் கறுத்துவிடும். பவர் இல்லாத நிலையில் தொடுப்புத் துப்புரவுத் திரவத்தைக் கொஞ்சம் விட்டு இருபது முப்பது முறை அழுத்தி எடுங்கள். சில கன்சோல்களில் பொத்தானின் விளக்கு எரிவதற்கு ஒரு தொடுப்பு, 48 போவதற்கு வேறு தொடுப்பு. அதனால் விளக்கு எரிகிறது என்பது எதற்கும் சாட்சியாகாது.

அடுத்து ரெசிஸ்டர். 6.8 கிலோ ஓமின் நிறம் நீலம், சாம்பல், சிவப்பு. ஒரு சதவீத வகையில் நீலம், சாம்பல், கறுப்பு, பழுப்பு, பழுப்பு. பலகையில் இருக்கும்போதே ஓம் அளக்கலாம். மற்றப் பாகங்கள் குறுக்கே இருப்பதால் எண் குறைந்து காட்டலாம், அது பெரிதில்லை. 6.8ஐ விட வெகுவாக மேலே காட்டினால் கெட்டது. மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதுதான் முக்கியம், 0.4 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 27 ஓம் வித்தியாசத்துக்குள். இல்லையென்றால் இரைச்சலை ஒதுக்கும் திறன் குறையும். ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம், அரை வாட் ரெசிஸ்டர் பத்து வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து, மிக நெருங்கிய இரண்டை ஜோடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கபாசிட்டரையும் ஜோடியாக மாற்றுங்கள். பழையதில் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவையே வாங்குங்கள், பல கன்சோல்களில் 47 மைக்ரோஃபாரட் வரும். வோல்ட் 63 அல்லது அதற்கு மேல், 105 டிகிரி வகை. பாசிட்டிவ் முனை மைக் பக்கம் பார்க்க வேண்டும், 48 வருவது அந்தப் பக்கத்திலிருந்து. திருப்பி வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது, அப்புறம் வீங்கும்.

படி 6: பவர் சப்ளை

இங்கே நான் கறாராகச் சொல்வேன். பவர் சப்ளை தனிப் பெட்டியாக உள்ள கன்சோலின் உள்ளே 48 வோல்ட், அதிகம் போனால் ஒரு சின்ன ஷாக். பவர் சப்ளைப் பெட்டியின் உள்ளே சுவரிலிருந்து வரும் 240 வோல்ட். சுவர் மின்சாரத்தில் வேலை செய்து பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம். டிவி, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். அவரிடம் கொடுங்கள். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து கொடுங்கள்.

திறக்காமல் செய்யக்கூடியவை சில. வெளியே இருக்கும் ஃபியூஸ்களைப் பாருங்கள், 48க்குத் தனி ஃபியூஸ் இருக்கலாம். கண்ணால் பார்த்து நம்பாமல் மீட்டரால் அளந்து பாருங்கள். பல பின் கேபிளின் இரு முனையையும் கழற்றி, பின் ஏதும் உள்ளே அமுங்கியிருக்கிறதா, கருகியிருக்கிறதா என்று பாருங்கள். கன்சோலின் மற்ற வோல்ட்டுகள், அதாவது ஆம்ப்ளிஃபயர்களுக்கான பிளஸ் மைனஸ் 15 முதல் 18 வரையிலானவை, தனியாக வருவதால் மற்ற எல்லாம் வேலை செய்து 48 மட்டும் இல்லாமல் இருப்பது சாதாரணமாக நடக்கும்.

பழுது பார்ப்பவரிடம் சொல்ல வேண்டியது: 48 ரெகுலேட்டருக்குள் (வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் பாகம்) போகும் வோல்ட், வெளியே வரும் வோல்ட், இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். உள்ளே வருகிறது, வெளியே இல்லை என்றால் ரெகுலேட்டர். உள்ளேயே வரவில்லை என்றால் ஃபியூஸ், டயோட், டிரான்ஸ்பார்மர் என்று பின்னோக்கி. ரெகுலேட்டர் டிஎல்783ஆக இருக்கலாம், எல்எம்317ஐ வைத்துச் செய்த சுற்றாகவும் இருக்கலாம். சாதாரண எல்எம்317 தன் இரு பக்கத்துக்கும் இடையே 40 வோல்ட் வித்தியாசம்தான் தாங்கும். வெளியே ஷார்ட் ஆனால் உள்ளே வரும் அறுபது சொச்சம் வோல்ட்டும் அதன் தலையில் விழும். காப்பு டயோடுகள் இல்லாத வடிவமைப்பில் அது உடனே போய்விடும். ஆகவே செத்த ரெகுலேட்டரை மாற்றும் முன் கன்சோல் பக்கம் ஷார்ட் இல்லை என்று உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் புதியதும் அன்றைக்கே போகும்.

இன்னொரு வகைக் கோளாறு: 48 வருகிறது, ஆனால் எல்லா கன்டென்சர் மைக்கிலும் ஒரு ‘ம்ம்ம்’ ஓசை, டைனமிக்கில் இல்லை. 48 வரியில் உள்ள வடிகட்டிக் கபாசிட்டர் காய்ந்துவிட்டது. சுவர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸோ அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸோ ஒலியில் கலக்கிறது. அதே கபாசிட்டர் காய்ந்தால் மைக்கின் எண்ணிக்கை கூடக்கூட வோல்ட் இறங்கும். மைக்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே, காலியான ஒரு சானலில் 48ஐக் கவனியுங்கள். நாலாவது மைக்கில் 44க்குக் கீழே வந்தால் சப்ளையில் வேலை இருக்கிறது. பழைய சப்ளை சிலவற்றைச் செய்த காலத்தில் இன்றைய 5 மில்லி ஆம்பியர் மைக்குகளை எட்டும் பத்துமாகச் செருகுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதும் உண்மை.

சாமானும் குறுக்கு வழியும்

ரெசிஸ்டர், கபாசிட்டர், ரெகுலேட்டர் வாங்க கோலாலம்பூர் ஜாலான் பாசார் பக்கம் போனால் ஒரே தெருவில் எல்லாம் கிடைக்கும். இணையத்தில் வாங்கினால் கபாசிட்டரில் கவனம், போலி நிறைய. பெயர் பெற்ற பிராண்ட் பாதி விலைக்குக் கிடைத்தால் அது அந்த பிராண்ட் இல்லை. ‘பழைய ஸ்டாக், பயன்படுத்தாதது’ என்று விற்கும் எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டரும் வேண்டாம். பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் அதற்கு வயதாகிறது.

சனிக்கிழமை ஒலிப்பதிவு, இன்று வியாழன், கன்சோல் திறந்து கிடக்கிறது என்றால் தனியாக விற்கும் ஒரு 48 வோல்ட் பேன்டம் பெட்டியை வாங்கி மைக்குக்கும் கன்சோலுக்கும் நடுவில் வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கன்சோலின் 48ஐ அணைத்துவிட்டு இதை மட்டும் பயன்படுத்துங்கள். பெட்டியின் மேல் 48 என்று அச்சிட்டிருந்தும் அவ்வளவு தராதவை சந்தையில் உண்டு. அதே 10 கிலோ ஓம் சோதனையை அதற்கும் செய்யுங்கள்.

சரி செய்த பிறகு

மூடியைப் பூட்டும் முன் எல்லாச் சானலையும் சுமை இணைப்பானால் ஒருமுறை அளந்து, எண்களை எழுதி, தாளை கன்சோலின் பின்பக்கம் டேப் போட்டு ஒட்டிவையுங்கள். புதிய கபாசிட்டர் போட்ட சானல்களில் 48ஐ ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். முதலில் கொஞ்சம் வித்தியாசம் காட்டிப் பிறகு சமமாக நிற்பது புதிய கபாசிட்டரின் இயல்பு. மாலையில் இடி இறங்கும் மாதங்களில் வேலை முடிந்ததும் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். கன்சோலோடு கணினியை இணைக்கும் கேபிள் இருந்தால் அதையும் சேர்த்து.